இரண்டாம் முறை கேட்காதவர்

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா?

மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று நினைத்துக்கொள்ளும் நாட்களில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. தெரிந்திருக்கும் என்று நினைக்கும் நாட்களில் அவர்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. தெரிந்தால் கேட்டிருக்கலாமே? கேட்காமல் விடுவதும் ஒரு தண்டனைதானே? பிறகு, பொய் சொன்னவள் நான், கோபப்படுகிறவளும் நானா என்று வெட்கமாக இருக்கிறது.

அப்போது நாங்கள் மனோர் பார்க்கில் என் கணவரின் தாய்மாமா வீட்டில் இருந்தோம். மாமா ஜெர்மனியில் பதினைந்து வருடம் உணவகங்களில் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து வாங்கிய வீடு. மாமாவும் மாமியும் கீழே பின்பக்கம். நானும் கணவரும் கைக்குழந்தையும் மேலே. கீழே முன் அறையில் அவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். சமையலறை எல்லாருக்கும் ஒன்று. மாமா வீட்டை வாங்கியபோதே அவர் அந்த அறையில் வாடகைக்கு இருந்தாராம். பதினொரு வருடம். "வீட்டோட சேர்த்து வந்தவ" என்று மாமி சொல்லுவார்.

மலேசியத் தமிழர். படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலையாகிவிட்டவர். ஐம்பதைத் தொட்டிருக்கலாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குட்டையாக வெட்டிய தலைமயிர், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, வீட்டுக்குள்ளும் சப்பாத்து.

நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம் அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாம் அக்கா" என்றேன்.

நம் ஆட்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முதல் முறை கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை, "சும்மா கொஞ்சம் குடியும்" என்பார்கள். "ஐயோ, கரைச்சல் படாதேங்கோ" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கப் கையில் வந்துவிடும். எனக்கோ அன்று உண்மையிலேயே தேநீர் தேவைப்பட்டது.

அவர் "சரி" என்றார். தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, கடைசித் துளிவரை குடித்தார். இஞ்சி வாசனை வந்தது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கும் உதுதான் பிள்ளை நடந்தது. ஒருக்காக் கேட்டுட்டு விட்டிட்டா. உவவிட்டப் போனால் வெக்கத்தை வாசலில கழட்டி வச்சிட்டுத்தான் போகவேணும்."

மறுபக்கமும் அப்படியேதான். ஒரு வெள்ளிக்கிழமை புளிப்பாக ஒரு மீன்கறி கொண்டுவந்து தந்தார். எங்கள் வாய்க்கு அது ஏலவில்லை. ஆனால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது "நல்லாயிருந்தது அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கறி வந்தது. என் கணவர் முகத்தைச் சுளித்தபடி, "நீர் சொன்ன பொய்யை நீரே சாப்பிடும்" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார்.

யாராவது எதையாவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். "உண்மையாவோ?" என்று கேட்டதில்லை. "ஏன்?" என்று கேட்டதில்லை. மாமா அந்த மாதம் ஹீற்றர் திருத்துகிறேன் என்றால் அந்த மாதம் முழுவதும் காத்திருப்பார். எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. நாங்கள் ஒருவர் சொல்வதைக் கேட்டு, அவர் என்ன சொல்லாமல் விட்டார் என்று தேடிப் பழகியவர்கள். தேடாத ஒருவரைப் பார்த்தால், இவர் ஏற்கெனவே எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

மகளுக்குப் பதினைந்து மாதமானபோது எனக்குச் சூப்பர்மார்க்கெட்டில் சனிக்கிழமை ஷிப்ட் கிடைத்தது. கணவர் அதே நேரம் பெட்ரோல் நிலையத்தில் நிற்பார். மாமிக்கு முழங்கால் வருத்தம். "நான் பார்த்துக்கிறேன், எனக்குச் சனிக்கிழமை சும்மாதானே" என்றார் அவர். நான் வழக்கம்போல் வேண்டாம் என்று வாயெடுத்தவள், அவரை நினைத்து, அவசரமாக "ஓம் அக்கா, ஓம்" என்றேன். வாழ்க்கையில் முதல் கேள்விக்கே ஓம் சொன்னது அன்றுதான்.

மகள் அவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இதெல்லாம் 2009. அந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்தபிறகு எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று நான் எழுதத் தேவையில்லை. என் பெரியம்மா குடும்பம் வவுனியாவில் முகாமில் இருந்தது. தொலைபேசி அடித்தால் யார் எடுப்பது என்று தயங்குவோம். யார் யாருடன் பேசுகிறார்கள், யார் எங்கே பெயர் கொடுத்தார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் இரண்டு பேர் மெல்லக் கதைத்தால் மூன்றாவது ஆள் பார்வையைத் திருப்பிக்கொள்வார். இலையுதிர்காலத்தில், தனி ஈழம் வேண்டுமா என்று நம் ஆட்கள் மத்தியில் ஒரு வாக்கெடுப்பு நடத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாமா அதற்கு ஓடித்திரிந்தார். 'ஆம் என்று வாக்களியுங்கள்' என்ற துண்டுப் பிரசுரங்கள் பெட்டி பெட்டியாக எங்கள் படிக்கட்டின் கீழ் இருந்தன.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை கடையில் மின்சாரம் போய்விட்டது. எங்களை வெள்ளனவே அனுப்பிவிட்டார்கள். மூன்றரை மணிக்கு நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது முன் அறைக்குள் அவருடைய குரல் கேட்டது. ஆங்கிலத்தில், மிக மரியாதையாக.

"அடுத்த மாத வாக்கெடுப்பில் 'நோ' என்று வாக்களிப்பீர்கள் என்று நாங்கள் நம்பலாமா?"

பிறகு மறுமுனையின் பதிலுக்கு ஒரு இடைவெளி. "மிக்க நன்றி, சேர்." பேனா கிறுக்கும் சத்தம். மறுபடி எண்கள் தட்டும் சத்தம். மறுபடி அதே கேள்வி. நோ. நோ. நோ.

நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மாமாவின் பிரசுரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். கதவு சிறிது திறந்திருந்தது. மகள் அவர் மடியில் இருந்தாள். தலையில் மாட்டிய ஹெட்ஃபோன், முன்னால் மடிக்கணினி, பக்கத்தில் கோடு போட்ட கொப்பி. கொப்பியில் எண்களாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கூப்பிட்ட பெயர்களைக் கவனித்திருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். ஒரு பெயரும் நம் பெயர் இல்லை. ஆனால் பயந்த காதுக்குத் தனக்கு வேண்டியது மட்டும்தான் கேட்கும். எங்கள் ஆட்கள் எல்லாரும் ஆம் என்று போடச் சொல்லித் திரியும்போது, எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து, என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் இல்லை என்று போடச் சொல்லி அழைக்கிறார். யாருக்காக? எந்தத் தூதரகத்துக்காக? கொப்பியில் எழுதுவது யாருக்குப் போகிறது?

அன்றிரவு கணவரிடம் சொன்னேன்.

"நீர் வடிவாக் கேட்டனீரோ?"

"கேட்டனான் அப்பா. நோ நோ எண்டு எத்தினை பேரிட்டச் சொன்னவ."

"மாமாட்டச் சொல்லாமல் இருக்கேலாது."

"என்ர பெயரைச் சொல்லாதேங்கோ" என்றேன். அவர் சரி என்றார்.

ஞாயிறு காலை மாமா சமையலறையில் காத்திருந்தார். அக்கா தன் ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தார். நானும் மாமியும் பக்கத்தில். மாமா தொண்டையைச் செருமினார்.

"உங்களிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்க அண்ணே."

"சனிக்கிழமையில ஆரோடயோ ஃபோனில கதைக்கிறீங்களாம்."

"ஆமா அண்ணே. நிறையப் பேரோட."

"வோட்டைப் பற்றி?"

"ஆமா."

மாமி கையிலிருந்த கரண்டியை வைத்தார். "நோ எண்டு போடச் சொல்லியோ?" என்றார் மாமா. குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

"ஆமா, நோதான். யெஸ்னு போட்டா போச்சு லா."

"எங்கட சனத்தின்ர வோட்டில நீங்கள் ஏன் தலையிடுறீங்கள்?"

அவர் ரொட்டியைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். "உங்க ஓட்டா? உங்க ஓட்டுல எனக்கென்ன அண்ணே வேலை? இது அமெரிக்காவில. கனடாப் பக்கம் ஒரு சின்ன மாநிலம். அங்க உள்ளவங்களுக்கு ஃபோன் போடுறேன். என்கூட வேலை பார்த்த சிநேகிதி ஊரு. ஆளு பத்தலைன்னா."

மாமா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அட, அமெரிக்கன்ர எலெக்சனோ! அவன் என்ன கோதாரியையும் போடட்டும்!" பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இவள் பிள்ளை எங்களை ஒரு இரவு நித்திரை இல்லாமப் பண்ணிப்போட்டாள்!"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று நான் தேடினேன். இருந்ததாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. "ரொட்டி வேணுமா தங்கச்சி?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். சரி என்றார்.

அது என்ன வோட்டு என்று மாமா கேட்கவேயில்லை. கேட்டது நான்தான். அடுத்த சனிக்கிழமை ஷிப்டுக்குப் போகுமுன் மகளைக் கொண்டுபோய் விட்டபோது, மன்னிப்புக் கேட்க வந்து, மன்னிப்புக் கேட்காமல் இதைக் கேட்டேன்.

அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அந்த மாநிலத்தில் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அவ்வருடம் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வருமுன்னே, அதை அழிக்க வேண்டும் என்று வேறு சிலர் மக்களின் வோட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யெஸ் என்றால் சட்டம் போய்விடும். நோ என்றால் இருக்கும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்கவில்லை. பேருந்து நேர அட்டவணை சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்களுக்கு ஏன் அக்கா இது?" என்றேன்.

"கேக்கறதுக்கு ஆள் வேணும்னாங்க. கேக்கறேன்."

எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த வசனத் தாளைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். நிச்சயம் எங்கள் பக்கம் என்றால் ஒன்று. நிச்சயம் எதிர்ப்பக்கம் என்றால் ஐந்து. அவர் கொப்பியில் ஐந்துகள் நிறைய இருந்தன. ஒன்றை எப்படி எழுதியிருந்தாரோ அதே ஒழுங்கான கையெழுத்தில் ஐந்தையும் எழுதியிருந்தார்.

அன்று எனக்கு ஷிப்ட் பிந்தித் தொடங்கியதால் கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். ஒரு மனிதர் அவரிடம் கத்தினார். ஹெட்ஃபோனைத் தாண்டி எனக்கே கேட்டது. உன்னுடைய நாடு எது, எங்கள் கல்யாணத்தில் உனக்கென்ன வேலை என்றெல்லாம். அவர் இடையில் பேசவேயில்லை. அந்த ஆள் களைத்து நின்றதும், "நேரம் தந்ததற்கு நன்றி சேர். நல்ல நாளாக இருக்கட்டும்" என்றார். ஐந்து என்று எழுதினார். மடியில் இருந்த மகள், "தாங்க் யூ சே!" என்று கூவினாள். அவளுடைய முதல் ஆங்கில வசனம் அதுதான்.

அடுத்தது ஒரு கிழவர். மனைவி இறந்து இரண்டு மாதமாம். இருபது நிமிடம் மனைவியைப் பற்றியே பேசினார். இவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஐந்து என்று போட்டார்.

"உவ்வளவு நேரம் கதைச்சவர், இன்னொருக்காக் கேட்டுப் பாத்தால் மனம் மாறியிருக்கும், அக்கா" என்றேன்.

"அவரு சொல்லிட்டாரு. நல்ல மனுசன். ஆனா அஞ்சுதான்."

நானாக இருந்தால் 'வீட்டில் இல்லை' என்று எழுதியிருப்பேன். அல்லது மூன்று. எல்லாருக்கும் மூன்று போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லுகிறேன். அந்த வோட்டு எங்கள் வோட்டாகவே இருந்திருந்தால் பரவாயில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. அரசியல் என்றால் மாமா பார்த்துக்கொள்வார். இதை நான் யாரிடம் கொண்டுபோவது? எனக்கு அந்த ஆட்கள்மேல் வெறுப்பு என்று எதுவும் இல்லை. மகளின் பிறப்பைப் பதியப் போன அன்று, பதிவு அலுவலகப் படியில் இரண்டு வயதான ஆண்கள் கோட்டில் பூக்குத்தி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அதைக் கல்யாணம் என்று சொல்லாமல் வேறு பெயரில் பதிகிறார்கள் என்று கணவர் சொன்னார். அவர்களில் ஒருவர் மகளைப் பார்த்துக் கையசைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் படியில் நின்றவர்கள். இவர் என் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவர். அவருடைய ஜன்னலோரம் ஒரு படம் இருந்தது: பட்டமளிப்பு அங்கியில் இளம்வயது அவரும் இன்னொரு பெண்ணும். அதுவரை நான் அதைக் கவனித்ததேயில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கண் அங்கேதான் போனது. யார் அது? அந்த அமெரிக்கச் சிநேகிதியா? வெறும் சிநேகிதியா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரிடம் எதைக் கேட்டாலும் சொல்லுவார். அதனாலேயே நான் கேட்கவில்லை.

மாமியிடம் சொன்னேன். ஆலோசனை கேட்கத்தான் போனேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தியை வைத்தார்.

"ஆம்பிளையும் ஆம்பிளையுமோ?"

"ஓம் மாமி. பொம்பிளையளும்தான்."

"எடி, அதுதான் உவ கட்டாமல் நிக்கிறாவோ!"

"அப்பிடி நான் சொல்லேல்ல மாமி."

"நீ ஏன் சொல்லவேணும், எனக்கு விளங்காதே? பிள்ளையை உவவின்ர மடியில விட்டிட்டு எப்பிடியடி வேலைக்குப் போறாய்?"

"நல்லாத்தான் பாக்கிறா மாமி."

"நல்லாத்தான் பாப்பா. சனம் என்ன சொல்லும்? நாளைக்குப் பொம்பிளைப்பிள்ளையெல்லே?"

"மாமி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றார் மாமி. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குத் தெரியாத ஒரு பெண் என் மகளின் கன்னத்தைத் தடவி, "இந்தப் பிள்ளையைத்தானோ அவ பாக்கிறவ?" என்று கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை மகளை அவரிடம் விடவில்லை. மேலிருந்து இறங்கிப் போய், வாசலில் நின்று, "பிள்ளைக்கு இருமல் அக்கா, நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்ல" என்றேன். மகள் மேலே சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு இருமலும் கேட்கவில்லை. "சரி, சுடுதண்ணி குடு" என்றார். அடுத்த சனிக்கிழமையும் இருமல் என்றேன். இரண்டு வாரத்தில் ஷிப்டையே விட்டுவிட்டேன். அந்த வருமானம் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருந்தது. 

நவம்பர் தொடக்கத்தில் அங்கே வோட்டு நடந்தது. மறுநாள் காலை சமையலறையில் அவர் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நான் மகளின் பாலைச் சூடாக்கப் போனேன்.

"என்ன அக்கா, வந்திட்டுதோ?"

"தோத்துட்டோம். கொஞ்சத்திலதான்."

 அரிசித் தண்ணீரை மூன்றாம் முறை ஊற்றினார். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. நான்காம் முறையும் ஊற்றினார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"தங்கச்சி, பாப்பாவை என்கிட்ட விட உனக்குப் பயமா?"

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே சொந்தக் கேள்வி. அந்த அமெரிக்கர்களிடம் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். எந்தப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்கிற குரல். ஓம் என்று சொல்லியிருந்தால், என்ன பயம், யாருக்குப் பயம் என்று நானே உளறிக் கொட்டியிருப்பேன். அழுதிருப்பேன். சனிக்கிழமைகள் திரும்பியிருக்குமோ தெரியாது. குறைந்தது உண்மை வெளியே வந்திருக்கும்.

"சீ, இல்லை அக்கா. இருமல்தான்" என்றேன்.

அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று நின்றேன். நம் வீடுகளில் கேட்பார்கள். உண்மையாச் சொல்லு என்பார்கள், என்னைப் பார்த்துச் சொல்லு என்பார்கள். இரண்டாம் முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"சரி" என்றார். அரிசியை அடுப்பில் வைத்தார்.

டிசம்பரில் மாமி அவரிடம், சுவிஸிலிருந்து தன் தம்பி குடும்பம் வருகிறது, முன் அறை வேண்டும் என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். மாமியின் தம்பிக்கு லண்டன் வரும் எண்ணமே இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எப்போ வர்றாங்க?" என்றுகூட இல்லை. "ஜனவரி கடைசிக்குள்ள பார்த்துடறேன்" என்றார். பதினொரு வருடம் இருந்த அறை. கிளம்பிய அன்று நான் அவருடைய பெட்டிகளை வான் வண்டியில் ஏற்ற உதவினேன். அவருக்கு எதிராக நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுபோல முழு மூச்சாக ஏற்றினேன். கதவடியில் மகளின் தலையைத் தடவி, "தாங்க் யூ" என்றார். மகள் "சே!" என்றாள். அவர் சிரித்தார்.

அந்த அறை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு மாமாவின் பிரசுரப் பெட்டிகளும் பழைய மெத்தையும் உள்ளே போயின. நாங்களும் அடுத்த வருடம் வெம்பிளிக்கு வந்துவிட்டோம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் அவரைப் பார்த்தேன். வெம்பிளியில் மரக்கறிக் கடை வாசலில், ஒரு பை நிறைய வெண்டிக்காயோடு. தலைமயிர் முழுவதும் நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கணவரை விசாரித்தார். மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். பிறகு,

"அந்த சுவிஸ்காரங்க வந்து செட்டில் ஆயிட்டாங்களா?"

 அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தவர்கள் இல்லாமலா? பதினொரு வருடம் அதே தெருவில் இருந்தவர். ஜன்னல் திரைகூட இல்லாமல் அறை பூட்டிக் கிடந்ததை யாரும் சொல்லியிருக்கமாட்டார்களா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெண்டிக்காய்ப் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"ஓம் அக்கா, வந்திட்டினம். நல்லா இருக்கினம்" என்றேன்.

"நல்லது" என்றார். பிறகு ஒரு துண்டில் தன் விலாசத்தை எழுதித் தந்தார். பக்கத்தில்தான், இரண்டு பேருந்துத் தரிப்பு. "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு மதியம் சாப்பிட வா. வர்றியா?"

வருகிறேன் என்றுவிட்டேன். நான் வருவேன் என்றே அவர் எடுத்துக்கொண்டிருப்பார். உலையில் எங்களுக்கும் சேர்த்து அரிசி போடுவார்.

கணவர், "போய்ச் சாப்பிட்டிட்டு வாரும், பழசைக் கிண்டாதேயும். அவ மறந்திருப்பா" என்கிறார். எனக்கு அப்படிச் சாப்பிட ஏலாது. அங்கே போய், மாமியிடம் சொன்னது நான்தான், இருமல் பொய், சுவிஸிலிருந்து ஒருவரும் வரவில்லை, போன வாரம் சொன்னதும் பொய் என்று சொல்லவேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையிலேயே தெரியாவிட்டால்? தான் ஒரு குடும்பத்துக்கு இடம் விட்டுக்கொடுத்து வந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தால், தன்னை விரட்டினார்கள் என்ற செய்தியை, மூன்று வருடம் கழித்து, அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே நான் சொல்லவேண்டும். அது அவருக்காகவா, என் பாரம் இறங்குவதற்காகவா? தெரிந்திருந்தால், நான் மறுபடியும் பொய்யோடு போய் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கறி போடுவார். அதையும் என்னால் தாங்க ஏலாது.

அவராகக் கேட்கமாட்டார். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைவிட வயதும் அனுபவமும் உள்ளவர்கள் இருப்பீர்கள். இப்படி யாரையாவது வீட்டைவிட்டு அனுப்பியவர்களும், அனுப்பப்பட்டவர்களும் இருக்கலாம். முக்கியமாக, அனுப்பப்பட்டவர்களிடம்தான் கேட்கிறேன்: உங்களை அனுப்பியவள் பிறகொரு நாள் வந்து உண்மையைச் சொன்னால் உங்களுக்கு வேண்டியிருக்குமா, அல்லது அவள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.